தலைவரின் காதுக்கு எட்டாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல தலைவருக்கு வேண்டிய குணத்தையும் தன்னறிவையும் வளர்த்துக்கொள்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். தினமும் பத்து நிமிடம் தனியே உட்கார்ந்து "நான் எப்படிப்பட்டவன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறது கட்டுரை. கேட்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும் பதில், கேட்பவருக்கு முன்பே தெரிந்த பதில்தான். ஒரு குழுவையோ அலுவலகத்தையோ நடத்துபவருக்குத் தன்னைப் பற்றித் தெரியாத விஷயம் எதிரே உட்கார்ந்திருப்பவரின் நாக்கு நுனியில் நிற்கிறது. அவர் அதை விழுங்கிவிடுகிறார். ஏன் விழுங்குகிறார், எப்படிச் சொல்ல வைப்பது, சொன்ன பிறகு என்ன செய்வது என்பவற்றைக் கட்டுரை தொடவே இல்லை. தலைமைப் பயிற்சியே வேலையாக இருக்கும் நாங்கள் இருவரும் அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம் வரைந்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதை 'ஜோஹாரி ஜன்னல்' என்பார்கள். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, யாருக்கும் தெரியாதது ஆகிய மூன்று கட்டங்கள் இங்கே முக்கியமில்லை. பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ற கட்டம்தான் பதவி உயர உயரப் பெருத்துக்கொண்டே போகும். சம்பள உயர்வும் விடுப்பும் யார் கையெழுத்தில் கிடைக்கின்றனவோ, அவர் சொல்லும் சுமாரான நகைச்சுவைக்கும் அறையே சிரிக்கும். அவர் செய்யும் சுமாரான முடிவுக்கும் அதே அறைதான் தலையாட்டும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானத் துறை கொடுத்த விலை எல்லோருக்கும் பாடம். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரி தீவுகளில் டெனெரிஃப் விமான நிலையம். ஓடுபாதை முழுக்க மூடுபனி. ஒரு முனையில் கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் போயிங் 747 விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 747 எதிரே ஊர்ந்து வருகிறது. பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கேஎல்எம் தலைமை விமானி அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்; நிறுவன விளம்பரத்தில் இடம்பெற்ற முகம். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதித் தேர்வு நடத்தியவரும் அவரே, அதுவும் சுமார் இரண்டு மாதம் முன்புதான்.

தலைமை விமானி விசையைக் கூட்டத் தொடங்கியதும், இன்னும் அனுமதி வரவில்லையே என்றார் துணை விமானி. தெரியும், கேளுங்கள் என்று பதில் வந்தது. கேட்டார். கிடைத்தது, மேலே எழும்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்பதற்கான அனுமதி மட்டும். புறப்படும் அனுமதி அதில் இல்லை. அதைத் துணை விமானி வானொலியில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் நகர ஆரம்பித்தது. இந்த முறை அவர் தடுக்கவில்லை. ஓட்டம் வேகமெடுத்தபோது பின்னால் இருந்த விமானப் பொறியாளர், அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகியாகிவிட்டது என்று அழுத்தமான பதில் வந்தது. அவரும் மறுபடி கேட்கவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

மூடுபனி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிய வானொலிப் பேச்சு என்று காரணங்கள் பல உண்டு. ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது சரியில்லை. எங்களுக்கு இதில் உறுத்துவது வேறு. அந்தச் சிறிய அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்குச் சரியான சந்தேகம் வந்தது. இருவரும் அதை ஒரு முறை வெளியே சொன்னார்கள். இருவரும் இரண்டாவது முறை அடங்கிப்போனார்கள். தலைமை விமானி முரடர் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவருடைய அனுபவமும் உறுதியான குரலுமே போதுமானதாக இருந்தன. 1979-ல் நாசா இது பற்றி ஒரு பட்டறை நடத்தியது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் என்ற அமெரிக்க விமான நிறுவனம் அதற்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கியது. இன்று அந்தப் பயிற்சி உலகம் முழுவதும் இருக்கிறது. இளையவர் துணிந்து சொல்லப் பழகுவது அதில் ஒரு பாதி. மூத்தவர் கேட்கப் பழகுவது மறுபாதி. கவலையை ஒரு முறை சொல்லிப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை சொல்லியே ஆக வேண்டும் என்ற விதியை விமானத் துறையிலிருந்து மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. சொல்பவரின் தைரியத்தை நம்பி இருக்காமல், சொல்வதை அவருடைய கடமையாகவே ஆக்கிவிடுவதுதான் அதன் சூட்சுமம்.

அலுவலகத்துக்கு வருவோம். கசப்பான செய்தியோடு ஒருவர் உள்ளே வருகிறார். அடுத்த முறை அவர் வருவாரா என்பது முதல் பத்து விநாடியில் தலைவரின் முகத்தையும் குரலையும் பொறுத்து முடிவாகிவிடுகிறது. கத்தினால்தான் ஆள் ஒதுங்குவார் என்று நினைக்க வேண்டாம். "இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்ற கேள்வியே போதும். கேட்பவருக்கு அது நியாயமான கேள்வி. சொல்ல வந்தவருக்கு அது தண்டனை. "பிரச்சினையோடு வராதீர்கள், தீர்வோடு வாருங்கள்" என்பது இன்னொன்று. பலர் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். வந்தவருக்கே தீர்வு தெரிந்தவை சின்னப் பிரச்சினைகள். தீர்வு தெரியாத பெரிய பிரச்சினைகள் இந்த ஒரு வாசகத்தால் வாசலோடு திரும்பிவிடுகின்றன.

அந்தப் பத்து விநாடியில் செய்ய வேண்டியதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். "இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருங்கள். உண்மையான விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். முதலில் சொன்னது ஆழம் பார்க்கப் போட்ட கல். கடைசியில் ஒரு நன்றி. விளக்கம் எதுவானாலும் மறுநாள். 'ஆனால்' என்ற சொல்லை அன்று வாயில் எடுக்கவே கூடாது.

தானாக வரும் செய்திக்கே இவ்வளவு என்றால், கேட்டு வாங்குவது இன்னும் கஷ்டம். "என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நன்றாகத்தான் போகிறது" என்ற பதிலைத் தவிர வேறு வராது. அந்தக் கேள்வியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. ஒருவருக்கு அவர் செயலைப் பற்றிக் கருத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்பது குறித்து நடந்த ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டி, 1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இருவர் அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் திறன் கூடியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவற்றில் குறைந்திருந்தது! கவனம் செய்த வேலையின்மேல் இருக்கும்வரை பயன் உண்டு, 'நான் யார், என் மதிப்பு என்ன' என்ற பக்கம் அது திரும்பினால் பயன் சரிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதனால் ஆளைப் பற்றிக் கேட்காமல், நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேளுங்கள். "நேற்றைய கூட்டத்தில் நான் எதைச் செய்யாமல் இருந்திருந்தால் உங்கள் வேலை சுலபமாகியிருக்கும்?" இப்படி.

ஐந்து பேர் போதும்: மேலே ஒருவர், சமமானவர்கள் இருவர், கீழே இருவர். ஒவ்வொருவரையும் தனியாக, சம்பவம் நடந்து இரண்டு நாட்களுக்குள் கேளுங்கள். சம்பளமும் பதவி உயர்வும் முடிவாகும் வாரத்தில் கேட்காதீர்கள். முதல் தடவை மழுப்பலான பதில்தான் வரும். அப்போது உங்கள் குறை ஒன்றை நீங்களே முதலில் எடுத்து வையுங்கள்: "அவர் பேசி முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன் என்று தோன்றியது, உங்களுக்கு எப்படிப் பட்டது?" பூட்டு பெரும்பாலும் இங்கேதான் திறக்கும். ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் தனித்தனியே ஒன்றையே சொன்னால் அதற்கு மேல் வாதம் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அதே ஐந்து பேரிடமும் போய், எதை மாற்றினேன், எதை மாற்றப் போவதில்லை, ஏன் என்று சொல்லுங்கள். பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம். அடுத்த முறை யாரும் மெனக்கெட்டுப் பதில் யோசிக்க மாட்டார்கள்.

பெரிய நிறுவனங்களில் இதையே '360 டிகிரி மதிப்பீடு' என்று படிவம் போட்டுச் செய்கிறார்கள். மதிப்பெண் போட்டவர்கள் மூன்று பேருக்குக் குறைவாக இருக்கும் பிரிவின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டக் கூடாது; போட்டது யார் என்று தெரிந்துவிடும். முடிவைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடவும் கூடாது. போட்டால் எல்லோரும் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இதை எழுதியது யார் என்று தலைவர் துப்பறியத் தொடங்கினால் அன்றோடு அந்தப் படிவம் செத்தது.

யாரையும் கேட்காமலே கிடைக்கும் தகவலும் உண்டு. ஒரு மணி நேரக் கூட்டம் ஒன்றில், உங்களுக்குக் கீழே வேலை செய்யாத ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். நீங்கள் பேசிய நிமிடங்கள், நீங்கள் கேட்ட கேள்விகள், பிறர் பேச்சில் குறுக்கிட்ட தடவைகள் ஆகிய மூன்றுக்கும் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். கூட்டத்துக்கு முன்பே உங்கள் ஊகத்தை எழுதி மடித்து வையுங்கள். இரண்டு தாள்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நீங்கள் தேடியது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சரிதானே?" என்பதைக் கேள்விக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யார் முதலில் பேசுகிறார்கள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். தலைவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு நடப்பது கலந்தாலோசனை ஆகாது, வழிமொழிதல்தான். ராணுவ நீதிமன்றங்களில் உறுப்பினர்களின் கருத்தை இளையவரிலிருந்து தொடங்கிக் கேட்பது பழைய நடைமுறை. காரணம் வெளிப்படை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு திருத்தத்தோடு: வந்து ஒரு மாதமே ஆனவரைத் திடீரென்று எழுப்பிக் கேட்டால் அவர் திணறிப்போவார். கேள்வியை முதல் நாளே அனுப்பிவிட வேண்டும்.

அடுத்தது முடிவுகளைப் பற்றியது. நமக்கு நினைவாற்றல் நன்றாக இருக்கிறது என்று நம்பும் தலைவர்கள் இதில் சறுக்குகிறார்கள். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சிலரிடம் மதிப்பெண் வாங்கி வைத்தார்கள் ஃபிஷாஃப், பெய்த் என்ற ஆய்வாளர்கள். பயணம் முடிந்தபின், அன்று நீங்கள் என்ன மதிப்பெண் போட்டீர்கள் என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்கு, உண்மையில் போட்டதைவிட அதிகம் போட்டதாகவே பலர் நினைவில் வைத்திருந்தார்கள். பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் தன்னைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. "நான் அப்பவே சொன்னேன்" என்று அடிக்கடி சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதற்கு மருந்து ஒரு நோட்டு. ஆளெடுப்பு, செலவு, கெடு தேதி போன்ற திரும்ப மாற்ற முடியாத முடிவுகளுக்கு மட்டும் போதும், மாதம் நாலைந்து வரும். தேதி, முடிவு, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எந்த மூன்று காரணங்களால், எவ்வளவு உறுதி (60 சதவீதமா, 90-ஆ), அன்றைய மனநிலை. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். களைப்பிலும் கோபத்திலும் எடுத்த முடிவுகள் எப்படிப் போயின என்று பிறகு தேடும்போது அதுதான் வேண்டியிருக்கும். மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். 90 சதவீத உறுதி என்று எழுதிய பத்தில் ஆறுதான் பலித்திருந்தால், உங்கள் வாயிலிருந்து வரும் 'நிச்சயம்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். முடிவின் பலன் தெரிந்த பிறகு நோட்டில் எழுதுவது வெறும் எழுத்துப் பயிற்சி.

இத்தனை குறைகள் கைக்கு வந்ததும், எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் புறப்படுவதுதான் வழக்கமான தவறு. ஒன்றை மட்டும் எடுங்கள். அதையும் "இனி பொறுமையாக இருப்பேன்" என்று எடுக்காதீர்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று கட்டிய திட்டம் வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்யும் என்பதை. "யாராவது என் கருத்தை மறுத்தால், பதில் சொல்லும் முன் அவர் சொன்னதைத் தாளில் எழுதுவேன்." எழுத ஆகும் எட்டு விநாடியில் சூடு கொஞ்சம் இறங்கும். எத்தனை நாளில் பழகும் என்று கேட்பவர்களிடம் 21 நாள் என்ற கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்துச் செய்த ஆய்வில் நடு மதிப்பு 66 நாள்; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. அதுவும் சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களுக்கு. கோபத்தோடு மல்லுக்கட்டுபவர் மூன்று மாதத்தில் மாறவில்லை என்று மனம் விட வேண்டியதில்லை. நடுவில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

குணம் என்ற பெரிய சொல்லுக்கு இங்கேதான் வருகிறோம், ஏனென்றால் அதைத் தனியாக வளர்க்க வழி ஏதும் எங்களுக்குத் தெரியாது. கொடுக்கும் சின்னச் சின்ன வாக்குறுதிகளைக் கொண்டு அதை எண்ணிப் பார்க்கலாம். நம் மொழியில் 'பார்க்கலாம்' என்று ஒரு சொல் இருக்கிறது. மேலே இருப்பவர் அதைச் சொன்னால் ஒருவர் 'சரி' என்று எடுத்துக்கொண்டு போய் வேலையைத் தொடங்குகிறார். இன்னொருவர் 'முடியாது' என்று எடுத்துக்கொண்டு கைவிடுகிறார். சொன்னவர் இரண்டையும் நினைக்கவில்லை, அந்த நிமிடத்தைக் கடத்தினார். ஒரு வாரம் நீங்கள் சொல்லும் 'பார்க்கலாம்', 'செய்துவிடலாம்', 'சொல்கிறேன்' மூன்றையும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போடுங்கள், அல்லது அங்கேயே 'முடியாது' என்று சொல்லுங்கள். முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குவதை இரக்கம் என்று நினைக்கிறோம். காத்திருப்பவருக்கு அப்படித் தெரிவதில்லை.

கோபத்துக்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் வென்றும் எதிரிப் படையைத் தப்பவிட்ட தளபதி மீடுக்கு அதிபர் ஆபிரகாம் லிங்கன் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். எழுதி உறையிலிட்டு, 'அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை' என்று மேலே குறித்து வைத்துவிட்டார். இன்றைக்கு இதைச் செய்பவர்கள் மின்னஞ்சலில் பெறுநர் முகவரியை நிரப்பாமல் எழுத வேண்டும். விரல் தவறினால் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது.

தவறை ஒப்புக்கொள்வதில் காந்தி 1919-ல் செய்தது கவனிக்கத்தக்கது. சத்தியாகிரகத்தின்போது வன்முறை வெடித்ததும், குஜராத்தின் நடியாதில் கூடியிருந்தவர்களிடம் அதைத் தன்னுடைய இமாலயத் தவறு என்றார். அந்தச் சொல் நமக்குப் பழகிவிட்டது. அதன் பின்னால் இருந்த துல்லியம் பழகவில்லை. மக்கள் அதற்குப் பக்குவப்படும் முன்பே அவர்களைச் சட்டமறுப்புக்கு அழைத்தேன் என்று, எது தவறு என்பதைக் குறிப்பாகச் சொன்னார். இயக்கத்தையும் நிறுத்திவைத்தார். நான் செய்தது இது, அதனால் விளைந்தது இது, இப்போது செய்யப்போவது இது. மூன்றும் வேண்டும். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்ற வாசகத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவும் செய்தபின் பலன் தெரிகிறதா என்று பார்க்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் பதிவான தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதிகமாக இருந்தன. அங்கே தவறுகளை ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட காரணம். எனவே முதல் ஆறு மாதத்தில் உங்கள் மேசைக்கு வரும் குறைகளும் கெட்ட செய்திகளும் கூடினால் பதற வேண்டாம். ஒரு வருடமாக ஒன்றுமே வரவில்லை என்று நிம்மதியாக இருப்பவர்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவர இருந்தால் ஒரு வேண்டுகோள். மேலே இருப்பவர் எப்படிக் கேட்பது என்று இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டோம். கீழே இருப்பவர் தன் வேலைக்கு ஆபத்தில்லாமல் இரண்டாவது முறை எப்படிச் சொல்வது, எந்தச் சொற்களில், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்பதையும் வெளியிடுங்கள். படிப்பவர்களில் அவர்கள்தான் அதிகம்.

இப்படிக்கு,
தலைமைப் பயிற்சித் துறையைச் சேர்ந்த வாசகர்கள் இருவர்